தங்கிய ஊருக்குப் பட்ட கடன்

மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர் நன்கு அறிந்த படிவம் ஒன்று உண்டு. விடுப்புப் பயணச் சலுகைக்கு விண்ணப்பிக்கும் அப்படிவம் ‘சொந்த ஊர்’ எது என்று கேட்கும். 1956ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள அச்சலுகையின் விதிகளின்படி, ஊழியர் தம் பணிக்காலம் முழுவதிலும் அவ்வூரை ஒரே ஒரு முறைதான் மாற்றிக்கொள்ள இயலும். கட்டணத்தைக் கணக்கிடும்போது குறுகிய நேர்வழி ஒன்றே கருதப்படும். புறப்படும் இடம் ஒன்று. சேரும் இடம் ஒன்று. இடையில் எங்கே இளைப்பாறினோம், யார் கையால் நீர் வாங்கிப் பருகினோம், எந்த ஊரின் கூரையின்கீழ்க் குழந்தைகளை உறங்கவைத்தோம் என்பன அவ்விதிகளுக்கு வேண்டாதவை. இதற்காக விதிகளைக் குறைகூறுவதற்கில்லை. கணக்குக்கு ஓர் எல்லை வேண்டும். ஆயின், கணக்கின் எல்லையே அறத்தின் எல்லையும் ஆகுமா என்பதுதான் ஈண்டு நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட வினா.

நெடுவழிப் பயணத்தில் ஓரிரவு மட்டும் தங்கிச் செல்லும் ஊருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? மேலோட்டமாக நோக்கின் இது சிறு வினாவாகவே தோன்றும். பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும், கடல் கடந்த நகரங்களிலும் வாழ்க்கை நடத்தும் நம்போன்ற குடும்பங்களுக்கு இது சிறு வினா அன்று. நம் வாழ்வின் பெரும்பகுதி, நாம் ‘இடைவழி’ என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஊர்களிலேயே கழிகின்றது.

கடன் ஏதும் இல்லை என்பாருடைய கூற்றையும் மதித்துக் கேட்டல் வேண்டும். “பணம் கொடுத்தோம், அறை பெற்றோம். உண்ட உணவுக்கு விலை தந்தோம். விடிந்ததும் புறப்பட்டோம். இதில் நன்றிக்கோ கடனுக்கோ இடமேது? வழியில் காணும் ஊர்களுக்கெல்லாம் கடன்பட்டவன் எந்த ஊரையும் போய்ச் சேரமாட்டான்” என்பர் அவர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. மனித உள்ளத்தின் அன்பு அளவிறந்தது அன்று. அதனை எல்லா ஊர்களுக்கும் பங்கிட்டால் எவ்வூருக்கும் நிறையக் கிட்டாது.

ஆனால் நம் முன்னோர் பயணத்தை வேறு விதமாகக் கண்டனர். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வருபவன், பரிசில் நாடிச் செல்பவனை வழியில் கண்டு, வள்ளலிடம் செல்லும் நெறியைக் கூறுவதே அவற்றின் அமைப்பு. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனுக்கு வள்ளலின் பெருமை மட்டும் சொல்லப்படவில்லை. வழியில் எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட மீன், வேலூரில் எயினர் வீட்டில் கிடைக்கும் புளியிட்ட சோறு, ஆமூரில் உழவர் தரும் வெண்சோறும் நண்டும் என ஒவ்வொரு தங்கலும் பெயர் சுட்டிச் சொல்லப்படுகின்றது. சேரும் இடம் வள்ளலின் அரண்மனையே. எனினும் இடையிலுள்ள ஊர்களின் பெயர் மறக்கப்படவில்லை. உணவு தந்தோரின் தொழிலும் மறக்கப்படவில்லை. அதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்வுதவியைப் பெற்றவன் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், அடுத்து வருபவனுக்கு வழிகாட்டுதலாக மாற்றித் தருகின்றான். கடன் என்று நாம் கூறுவதன் இயல்பை இக்காட்சி முன்னரே உணர்த்திவிடுகின்றது.

இவ்வெண்ணத்தோடு வேங்கட மலையின் அடிவாரத்துக்குச் செல்வோம். தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் குறிக்கின்றது. பொருள் தேடி அம்மலையைக் கடந்து, மொழி வேறுபட்ட நாட்டுக்குச் சென்ற தலைவனை நினைந்து தலைவி வருந்தும் பாடல்கள் அகநானூற்றில் உள. பிழைப்புக்காக வடக்கே போன முதல் தமிழன் யார் என்று நாம் அறியோம். அவன் கண்ட கடைசித் தமிழ்நிலம் இம்மலைச்சாரலாக இருந்திருக்கக் கூடும். இன்றும் சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதை, திருப்பதிக்கு அருகில் உள்ள ரேணிகுண்டா வழியாகவே செல்கின்றது. விடுமுறை முடிந்து திரும்பும் எத்தனையோ குடும்பங்கள், சன்னல் வழியே அம்மலை நோக்கிக் கைகூப்பிய பின்னரே கட்டுச்சோற்றைப் பிரித்திருக்கின்றன.

அம்மலையின் அடிவாரமே அலிபிரி. இங்கிருந்து ஏறத்தாழ 3,550 படிகள் மேலே செல்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் மட்லி மரபைச் சேர்ந்த அனந்தராஜர் இவ்வழியைப் படிகளாகச் சமைத்தார் என்பர். அலிபிரி என்னும் பெயரைத் தெலுங்கில் தேடினால் பொருள் எளிதில் கிட்டாது. மலையடியில் நின்ற புளியமரத்தைக் குறித்த ‘அடிப்புளி’ என்னும் தமிழ்த் தொடரே இவ்வாறு மருவிற்று என்று ஒரு சாரார் கூறுவர். ‘அடிப்படி’ என்பதன் திரிபு என்பாரும் உளர். எதுவாயினும், சென்று சேரும் உச்சியைக் குறியாமல், நின்று மூச்சு வாங்கும் அடியைக் குறித்த பெயர் அது.

அப்புளியமரத்தைப் பற்றி வைணவ மரபு ஒரு செய்தியைப் போற்றி வருகின்றது. இராமானுசர் தம் தாய்மாமனாகிய திருமலை நம்பியிடம் ஓராண்டுக் காலம் இராமாயணப் பொருள் கேட்டார். மலைமேல் இறைவனுக்குத் தீர்த்தக் கைங்கரியம் செய்துவந்த நம்பி, நாள்தோறும் அடிவாரத்துக்கு இறங்கிவந்து பாடம் சொல்வார். ஒரு நாள், பாடத்தில் ஈடுபட்டு உச்சிக்கால வழிபாட்டைக் காண இயலாமற் போயிற்றே என்று அவர் உள்ளம் நைந்தது. அவர் பொருட்டு இறைவனின் திருவடிச் சுவடுகள் அவ்வடிவாரத்திலேயே தோன்றின என்பர். இன்றும் அலிபிரியில் பாத மண்டபத்தை வணங்கிய பின்னரே அடியார் முதற்படியில் கால் வைக்கின்றனர். நம்புவோர் இதனை வரலாறாகக் கொள்க. பிறர் கதையாகவே கொள்க. இதன் கருத்து இருவர்க்கும் பொதுவானது. மலைமேல் கிடைப்பது அடிவாரத்திலும் கிடைத்தது. இடைவழி என்று எண்ணிய இடத்திலேயே ஓராண்டுக் கல்வி நிகழ்ந்தது.

இன்று நிலைமை மாறியுள்ளது. 1944இல் மலைப்பாதை திறக்கப்படும் வரை, திருமலைக்கு நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் செல்ல வேண்டும். மாலையில் அடிவாரத்தை அடைந்தவர் இரவில் தங்கி விடியலில் ஏறுவதே இயல்பு. 1974இல் இரண்டாம் பாதையும் அமைந்தது; ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு ஒரு பாதை என்றாயிற்று. பெங்களூரிலிருந்து விடியலில் வண்டியை எடுத்தால் 250 கி.மீ. கடந்து நண்பகலுக்குள் அலிபிரியின் சோதனைச் சாவடியில் நிற்கலாம். வசதியைப் பழிப்பது நம் நோக்கமன்று. முதியோரும் நோயுற்றோரும் மலையேற முடிகின்றது என்றால் அது பாதையின் புண்ணியமே. ஆயினும் வேகம் கூடக் கூட, இடையிலுள்ள ஊர்கள் பெயர்ப்பலகைகளாகத் தேய்ந்துபோகின்றன என்பதையும் மறுக்க இயலாது.

அவ்வாறு தேய்ந்த ஊர்களில் ஒன்று சந்திரகிரி. சித்தூர்ச் சாலையில், திருப்பதிக்கு ஏறத்தாழ 12 கி.மீ. முன்னே, பாறைக் குன்றின் அடியில் அமைந்த கோட்டை ஊர் அது. விசயநகரப் பேரரசின் இறுதிக் காலத்தில் அரவீட்டு மரபினர்க்குத் தலைநகராக விளங்கியது. அங்குள்ள ராஜமகாலும் ராணிமகாலும் இன்றும் நிற்கின்றன. தொல்பொருள் துறையினர் ராஜமகாலில் அருங்காட்சியகம் அமைத்துள்ளனர். மலைக்குச் செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கு நிற்பதில்லை. நிற்க விரும்புவோர் அங்கே ஓரிரவு தங்கி, காலையில் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அலிபிரிக்குச் செல்லலாம். அவ்வாறு தங்கும் தமிழர் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று அக்கோட்டை வரலாற்றில் உண்டு.

1639ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிசு டே என்பவர், கடற்கரையோரம் ஒரு மணற்பரப்பைத் தாமர்ல வெங்கடப்ப நாயக்கரிடமிருந்து பெற்றார். அந்நாயக்கர், சந்திரகிரியை ஆண்ட வேங்கட ராயருக்குக் கீழ்ப்பட்டவர். சரக்கை இறக்கிவைக்கவும் வணிகம் செய்யவும் கேட்டுப் பெற்ற அந்த இடம், செயிண்ட் ஜார்ஜ் கோட்டையாகிச் சென்னைப் பட்டினமாயிற்று. தங்கிச் செல்ல வந்தவர் தங்கிவிட்டனர். தங்கியவர் ஆளத் தொடங்கினர். இடம் தந்த அரசு அழிந்தது. விருந்தினன் உடைமையாளன் ஆன வரலாறு அது.

ஆகவே, ஓர் ஊரில் தங்குபவன் இழைக்கக் கூடிய தவறுகள் இரண்டு. ஒன்று, ஊரைத் தனதாக்கிக் கொள்ளுதல். மற்றொன்று, ஊர் தனக்கு ஒன்றுமே அன்று என எண்ணுதல். முன்னதைச் செய்ய வலிமை வேண்டும். நம்போன்ற எளியோரால் அது இயலாது. பின்னதற்கு வலிமை எதுவும் வேண்டியதில்லை. எவராலும் எளிதில் இயலும். உண்ட இலையைச் சாலையோரம் எறிவதும், அறையின் குழாயைத் திறந்தபடி விட்டுச் செல்வதும், கூலிக்கு மூட்டை தூக்குபவரிடம் நாலு காசுக்கு வாதாடுவதும் அதன் வகைகளே. சொந்த ஊரில் இவற்றைச் செய்ய நாம் நாணுவோம். ‘இன்னாருடைய மகன் இப்படிச் செய்தான்’ என்று நாலு பேர் சொல்வார்களே என்னும் அச்சம் நம்மைக் காக்கும். ஓரிரவு ஊரில் நம்மை அறிந்தவர் யாருமில்லை; நாம் திரும்பி வரப்போவதும் இல்லை. அச்சம் நீங்கிய பின்னும் எஞ்சி நிற்கும் ஒழுக்கமே உண்மையான ஒழுக்கம். அவ்வகையில், ஓரிரவுத் தங்கல் நம் குணத்தை நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் எனலாம்.

இனி, கடன் எங்கிருந்து வருகின்றது என்று காண்போம். நாம் செலுத்தும் பணம் அறைக்கு விலை, உணவுக்கு விலை. நள்ளிரவில் கதவைத் தட்டும் முன்பின் அறியாத குடும்பத்தை, ஒருவர் உள்ளே வரவிடுகின்றாரே, அந்த நம்பிக்கைக்கு நாம் விலை கொடுத்தோமா? அது விலைப்பட்டியலில் இல்லை. அந்த நம்பிக்கையை ஆக்கி வைத்தவர்கள், நமக்கு முன் அங்கே தங்கி, ஒழுங்காக நடந்து சென்ற பயணிகள். அவர்களில் ஒருவர் பொருளைக் கவர்ந்து சென்றிருந்தால் நமக்கு அக்கதவு திறந்திராது. அதனைப் போலவே, நம்மை ஏமாற்றாத கடைக்காரர்களால்தான் அவ்வூரின் பெயர் நம் செவிக்கு நல்ல பெயராக வந்து சேர்ந்தது. முகமறியாதவர்கள் சேர்த்து வைத்த முதலிலிருந்து நாம் ஓரிரவு எடுத்துச் செலவிடுகின்றோம். கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தர வழியில்லை; அவர்கள் போய்விட்டனர். அடுத்து வருபவர்க்கே தர இயலும். இக்கடனை முன்னோக்கித்தான் தீர்க்க வேண்டும்.

உலகில் பல நாட்டாரும் இதனை உணர்ந்திருக்கின்றனர். பிரான்சு நாட்டில் பாரிசிலிருந்து தென்கடலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில் போன் என்னும் பழைய நகரம் உள்ளது. கோடை விடுமுறையில் அவ்வழியே வண்டியோட்டிச் செல்வோர் பலர் அங்கே ஓரிரவு தங்குவர். பாரிசிலும் இலண்டனிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களும் இன்று அவ்வழியே செல்கின்றன. நீண்ட போரினால் மக்கள் வறுமையுற்றிருந்த காலத்தில், 1443ஆம் ஆண்டில், பர்கண்டி நாட்டு அமைச்சர் நிக்கோலா ரோலனும் அவர் மனைவியாரும் ஏழைகளுக்காக அந்நகரில் ஒரு மருத்துவ இல்லத்தை நிறுவினர். வண்ண ஓடு வேய்ந்த அக்கட்டடத்தில் 1971 வரை நோயாளிகள் பேணப்பட்டனர். அந்த அறநிலையத்துக்குப் பலர் எழுதிவைத்த திராட்சைத் தோட்டங்களின் மது இன்றும் ஆண்டுதோறும் நவம்பரில் ஏலமிடப்படுகின்றது. வருவாய் மருத்துவப் பணிக்குச் செல்கின்றது. ஐந்து நூற்றாண்டுக்கு மேலாக ஒரு கடன் முன்னோக்கித் தீர்க்கப்பட்டு வருகின்றது. அந்நாட்டு மொழியில் ‘ஓத்’ என்னும் ஒரே சொல் விருந்தளிப்பவரையும் விருந்தினரையும் குறிக்கும் என்பதும் எண்ணத்தக்கது. இன்று விருந்தினராக இருப்பவர் நாளை விருந்தளிப்பவர் ஆவார் என்பதை அம்மொழி மறக்கவில்லை போலும்.

நம் நாட்டுச் சத்திரங்களின் தத்துவமும் இதுவே. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், தம் நாட்டுச் சத்திரங்கள் ஆற்றும் பணியை எடுத்துரைத்தார். இராமேசுவரம் செல்லும் பயணிகளுக்கு உணவு, நோயுற்றோர்க்கு மருந்தும் பேணுதலும், வழியில் இறந்துபடுவோர்க்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன் என்பன அவற்றுள் சில. வழிப்போக்கன் யார், எவ்வூரான், திரும்பி வருவானா என்பவை சத்திரத்தின் கேள்விகள் அல்ல. வந்தவனை அனுப்பிவிட்டு வரப்போகின்றவனை எதிர்நோக்கி நிற்பதே வள்ளுவர் கண்ட விருந்தோம்பலும் ஆகும்.

இதுகாறும் ஓரிரவுத் தங்கலைப் பற்றிக் கூறினோம். நம் சொந்த நிலைமைக்கு வருவோம். மாற்றல் உத்தரவோடு வேற்று மாநிலம் வந்த நாள் முதல், நம்மில் பலர் அந்நகரைச் சத்திரமாகவே கருதி வாழ்ந்து வருகின்றோம். “இன்னும் ஐந்தாண்டு, பிறகு ஊருக்குப் போய்விடுவோம்” என்று சொல்லியே இருபத்தைந்து ஆண்டுகள் கழிகின்றன. அந்நகரின் நீரைப் பருகுகின்றோம். அதன் பள்ளிகளில் நம் பிள்ளைகள் கற்கின்றனர். அதன் மருத்துவமனைகளில் நம் பெற்றோர் இறுதி மூச்சை விடுகின்றனர். ஆயினும் அதன் மொழியில் காய்கறி வாங்குவதற்கு மேல் நாம் பேசுவதில்லை. அண்டை வீட்டார் வீட்டுத் துக்கத்துக்குச் சென்று வருவதற்கு நமக்கு நேரமில்லை. ‘நம் ஊர் இல்லையே’ என்னும் ஒரு சொல் நம்மை எல்லாக் கடமைகளிலிருந்தும் விடுவித்துவிடுகின்றது. ஓரிரவுப் பயணி விடியலில் போய்விடுகின்றான்; அவன் அலட்சியம் அவனோடு போகும். நம் அலட்சியமோ தலைமுறையளவு நீள்கின்றது.

திருப்பதிக் கடைத்தெருவைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது எல்லையைப் பற்றிக் கிளர்ச்சி மூண்டதும், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்ததும், திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றதும் நாம் அறிந்தவை. அப்பூசலின் கசப்பை அத்தெருவில் நாம் உணர்வதில்லை. நாம் தமிழில் விலை கேட்டால் பெரும்பாலும் தமிழிலேயே விடை கிடைக்கின்றது. வணிகத்துக்காகத்தானே என்பர் சிலர். இருக்கட்டும். வந்தவர் மொழியைக் கற்றுக்கொண்டவர், காரணம் எதுவாயினும், வந்தவரை மதித்தவர் ஆவார். தங்கியிருக்கும் ஊரின் மொழியைக் கால் நூற்றாண்டாகியும் கல்லாதவரை என்னென்பது?

இவ்விடத்தே ஒரு தடை எழும். “தங்கிய ஊரைத் தன் ஊராக்கிக் கொண்டால் பிறந்த ஊரை மறந்துவிட மாட்டோமா? தமிழ்ச் சங்கம் கூட்டி, மலர் வெளியிட்டு, பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நாம் இதைச் சொல்லலாமா?” என்று வினவுவர். அச்சம் பொருளற்றது அன்று. ஆயின் நன்றி என்பது ஒருவர்க்குக் கொடுத்தால் மற்றவர்க்குக் குறையும் பண்டம் அன்று. அன்புக்கு அளவுண்டு என முன்னர் ஒப்புக்கொண்டோம். தங்கிய ஊர் நம்மிடம் கேட்பது அன்பை அன்று, நியாயத்தை. பெற்ற தாயிடம் உள்ள அன்பு, பாலூட்டிய செவிலிக்குச் சோறிடுவதால் குறைவதில்லை.

இதற்குச் சான்று காண மீண்டும் திருமலைக்கே செல்லலாம். இறைவனுக்கு மலர்த்தொண்டு செய்ய அங்கே சென்று வாழ்பவர் யார் என்று இராமானுசர் தம் சீடரைக் கேட்டார். குளிரும் காடும் நிறைந்த மலை, பலரும் தயங்கினர். வேற்று நாட்டிலிருந்து வந்து அவர்பால் கல்வி கற்ற அனந்தாழ்வான் ஒருவரே முன்வந்தார். மனைவியோடு மலையேறிய அவர், நந்தவனம் அமைத்தார். செடிகளுக்கு நீர் வேண்டித் தம் கையாலேயே ஏரி வெட்டினார். அவர் பிடித்த கடப்பாரை என்று மரபு கூறும் ஒன்றை, இன்றும் கோயிலின் முகப்பு வாயிலில் தொங்கவிட்டுள்ளனர். பிறந்த ஊரை அவர் மறந்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. தங்கிய இடத்தில் அவர் வெட்டிய ஏரி அவர் பெயரைச் சொல்லி நிற்கின்றது.

நாம் ஏரி வெட்ட வேண்டியதில்லை. தெருவின் மரத்துக்கு ஒரு குடம் நீர் ஊற்றலாம். அண்டை வீட்டுப் பெரியவருக்கு மருத்துவமனையில் ஓரிரவு துணையிருக்கலாம். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்து, இந்தியும் மராத்தியும் அறியாமல் புகைவண்டி நிலையத்தில் திகைத்து நிற்கும் இளைஞனுக்கு ஒரு வாரம் இடம் கொடுக்கலாம். அவன் தமிழனாக இருந்தால்தான் கொடுப்போம் என்றும் வரையறுக்க வேண்டியதில்லை. நாம் வந்திறங்கிய முதல் நாளில் நமக்குக் கதவு திறந்த எவரோ ஒருவருக்கு நாம் திருப்பித் தர இயலாததை அவனுக்குத் தரலாம்.

இவை யாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்றுண்டு. நாம் தங்கல் என்று எண்ணும் நகரமே நம் பிள்ளைகளுக்குப் பிறந்த ஊர். அவர்கள் நாளை தம் ஊர் எது என்று நினைக்கும்போது, நம் கிராமத்துக் குளக்கரை அவர்கள் நினைவில் எழாது. இந்நகரத்துத் தெருவும் அதன் வேப்பமரமுமே எழும். அத்தெருவில் தம் பெற்றோர் நல்ல விருந்தினராக வாழ்ந்தனரா, அல்லது மூட்டையைக் கட்டியபடியே வாழ்நாளைக் கழித்தனரா என்பதைப் பார்த்தபடியேதான் அவர்கள் வளர்கின்றனர்.